கொருக்குப்பேட்டையில ஏறு... அனுப்பம்பட்டுல இறங்கு... 12 நரம்பும் பாஸ்!

முதல் வருஷ எம்.பி.பி.எஸ். பசங்களைக் கூட்டத்துல கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. மெஸ் க்யூவுல நின்னாலும் சரி, மின்சார ரயில்ல தொங்கினாலும் சரி, உதடு மட்டும் அசையும். கைவிரல் ஒவ்வொண்ணா மடங்கும். 'புள்ள ஏதோ மந்திரம் ஜெபிக்குது'ன்னு பக்கத்து சீட் பாட்டி பயபக்தியோட பார்ப்பாங்க. ஜெபம்தான் பாட்டி... ஆனா சாமி பேர் இல்லை, மூளையில இருந்து கிளம்புற 12 கிரேனியல் நெர்வ்களோட பேரு!

இந்த 12 பேரை வரிசை மாறாம சொல்ல, சீனியர்கள் வழிவழியா ஒரு இங்கிலீஷ் பாட்டு சொல்லித் தருவாங்க. ஒலிம்பஸ் மலை, அதோட உச்சி, அங்கே நின்னு ஹாப்ஸ் செடியை வேடிக்கை பார்க்கிற ஒரு ஜெர்மன்காரன்... ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்தும் ஒரு நரம்பு. லண்டன்ல படிக்கிறவனுக்கு அது சரி. பழவேற்காடு பக்கத்துக் குப்பத்துல பொறந்து, அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சுட்டு இப்பதான் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்குள்ள காலடி வெச்ச பொண்ணுக்கு ஹாப்ஸ்னா என்னன்னு தெரியணுமா என்ன? நரம்பை ஞாபகம் வெச்சுக்க முதல்ல பாட்டை மனப்பாடம் பண்ணணும். பாட்டை மனப்பாடம் பண்ண இன்னொரு குறிப்பு வேணும். வெளங்கிடும்!

சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை இது. 2020-ல தமிழக அரசு சட்டம் போட்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. அதுல சீட் வாங்கி வர்ற பலருக்கு வீட்டுல அவங்கதான் முதல் பட்டதாரி. உள்ளே வந்ததும் அனாடமி, ஃபிஸியாலஜி, பயோகெமிஸ்ட்ரின்னு மூணு மலை. மூணும் இங்கிலீஷ் மலை. தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி முதல் வருஷத் தேர்வை அதிகபட்சம் 4 அட்டெம்ப்ட்டுக்குள்ள தாண்டியாகணும். தாண்டலைன்னா அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின சீட்டே கைவிட்டுப் போயிடும். 'அரியர் வெச்சுக்கலாம் மச்சி'ங்கிற இன்ஜினீயரிங் காலேஜ் டயலாக் எல்லாம் இங்கே செல்லாது.

அதனால, ஒலிம்பஸை விட்டுட்டு நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறுவோம் வாங்க.

12 ஸ்டேஷன், 12 நரம்பு

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் பசங்க சென்ட்ரல் பக்கம் ஏறுவாங்க. ஸ்டான்லி காலேஜ் பசங்களுக்கு வண்ணாரப்பேட்டை கிட்ட. இந்த ரெண்டு வழியும் ஒண்ணு சேர்ற இடம் கொருக்குப்பேட்டை. அங்கிருந்து எண்ணிக்கிட்டே போங்க: கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு. மொத்தம் எத்தனை? கரெக்ட்டா 12! பொன்னேரிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி, ஃபாஸ்ட் வண்டிக்காரங்க திரும்பிக்கூடப் பார்க்காத அனுப்பம்பட்டுக்கு இப்படி ஒரு யோகம்.

1. கொருக்குப்பேட்டை. கால்வாய் வாடை மூக்குல ஏறும் பாருங்க, அதுதான் ஆல்ஃபேக்டரி. வாசனை நரம்பு. இதை டெஸ்ட் பண்ண நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிட்டு காபித்தூளை மூக்குகிட்ட காட்டணும். அமோனியாவைக் காட்டினீங்கன்னா எக்ஸாமினர் உங்களைக் காட்டிடுவார். ஏன்னு அஞ்சாவது ஸ்டேஷன்ல சொல்றேன்.

2. தண்டையார்பேட்டை. இங்கே இருக்கிற தொற்றுநோய் மருத்துவமனை சென்னைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ப்ளாட்பாரம் முழுக்க 'மெட்ராஸ் ஐ' வந்து செக்கச் செவேல்னு கண்ணோட ஜனங்க நிக்கிற மாதிரி ஒரு சீன் போட்டுக்குங்க. கண்ணு. ஆப்டிக். பார்வை நரம்பு.

3. வ.உ.சி. நகர். கப்பலோட்டிய தமிழர் கோவை ஜெயில்ல செக்கிழுத்தது நமக்குச் சின்ன வயசுலயே தெரியும். செக்கு சுத்துற மாதிரி கண்ணு சுத்துது. ஆக்குலோமோட்டார். கண்ணை மேல, கீழ, உள்பக்கம் அசைக்கிறது, மேல் இமையைத் தூக்குறது, பாப்பாவைச் சுருக்குறது எல்லாம் இவர் வேலை.

4. திருவொற்றியூர். தியாகராஜர் கோயில் ஊர். கோயில்னா தேர், தேர்னா வடம். இந்த வடத்தை மட்டும் ஒரு கப்பி வழியா இழுக்கிறதா கற்பனை பண்ணுங்க. ட்ரோக்ளியர்ங்கிற சொல்லுக்கே கப்பின்னுதான் அர்த்தம். இந்த நரம்பு இயக்குற சுப்பீரியர் ஆப்ளிக் தசை நிஜமாவே கண்குழிக்குள்ள ஒரு கப்பி வழியாத்தான் திரும்பி வரும். இது கெட்டுப்போனா மாடிப்படி இறங்குறப்ப படி ரெண்டு ரெண்டா தெரியும்.

5. விம்கோ நகர். தீப்பெட்டி கம்பெனி பேர்ல உள்ள ஏரியா. மூணு தீக்குச்சியை எடுத்து ஒண்ணை நெத்தியில, ஒண்ணைக் கன்னத்துல, ஒண்ணைத் தாடையில வெச்சுக்குங்க (மனசுல மட்டும்!). ட்ரைஜெமினல். மூணு கிளை: ஆஃப்தால்மிக், மேக்ஸிலரி, மேண்டிபுலர். முகத்துக்கு வர்ற எரிச்சல், வலி, தொடுஉணர்வு எல்லாத்தையும் சுமக்கிறது இதுதான். மெல்லுற தசைகளும் இதோட டிபார்ட்மென்ட், அது மூணாவது கிளை வழியா. அமோனியா மாதிரி காரமான நெடி வாசனை நரம்பை விட்டுட்டு இந்த நரம்பைச் சுள்ளுனு குத்தும். வாசனையே தெரியாதவர்கூட அமோனியாவுக்கு முகத்தைத் திருப்புவார். அதான் அங்கே காபித்தூள்.

6. கத்திவாக்கம். வண்டி வடக்கே போகுது, வலது பக்கம் கடல். ஜன்னலோரமா உட்கார்ந்து தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் வெளியே ஓட்டுங்க. அப்டியூசன்ஸ். கண்ணை வெளிப்பக்கம் திருப்புற லேட்டரல் ரெக்டஸ் தசைக்கு மட்டும்தான் இந்த நரம்பு. வேற எந்த வேலையும் தெரியாத ஒத்தை வேலைக்காரன்.

7. எண்ணூர். இங்கே உஷார்! பேருல 'எண்' இருக்கேன்னு எட்டுன்னு சொல்லிடாதீங்க, இது ஏழு. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த ஊர். 2017-ல பழைய எண்ணூர் நிலையத்தை மூடிட்டாங்கன்னாலும் புகைக்கு இங்கே பஞ்சம் இல்லை. 2023 டிசம்பர்ல ஒரு ராத்திரி அமோனியா கசிஞ்சு ஊரே தெருவுக்கு வந்ததும் இங்கேதான். புகை வந்தா என்ன பண்ணுவீங்க? கண்ணை இறுக்கி மூடி, மூஞ்சியைச் சுளிச்சு, கன்னத்தை உப்பி ஊதுவீங்க. எல்லாமே ஃபேஷியல் நெர்வ். கண்ணீர் சுரக்க வைக்கிறதும், நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு ருசி காட்டுறதும் இவர்தான்.

8. அத்திப்பட்டு புதுநகர். வடசென்னை அனல்மின் நிலையம் இந்தப் பக்கம்தான். டர்பைன் சத்தம், காது. டர்பைன் சுத்தல், தலைசுத்தல். வெஸ்டிபுலோகாக்ளியர் நரம்போட ரெண்டு வேலையும் ஒரே மெஷின்ல முடிஞ்சுது: கேட்கிறது, தள்ளாடாம நிக்கிறது.

9. அத்திப்பட்டு. அத்திப்பழத்தை முழுசா வாயில போட்டு, அது தொண்டையில போய் நின்னா? குளோஸோஃபேரிஞ்சியல். நாக்கோட பின்பக்கம் மூணுல ஒரு பங்கு ருசியும் தொண்டை உணர்வும். ஸ்பூனை உள்ளே விட்டா குமட்டுதே, அந்தச் சேதியைக் கொண்டுபோறவர்.

10. நந்தியம்பாக்கம். என்னோட ஃபேவரைட் இது. வேகஸ்ங்கிற லத்தீன் சொல்லுக்கு அலைஞ்சு திரியறதுன்னு அர்த்தம். கட்டுத்தறியை அறுத்துக்கிட்ட நந்தி மாதிரி, மூளையில புறப்பட்டு, கழுத்து வழியா இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, குடல்னு மேய்ஞ்சுட்டு வர்ற நரம்பு.

11. மீஞ்சூர். 'என்னை மிஞ்சின ஆளா நீ?'ன்னு ஒருத்தன் தோளைக் குலுக்குறான். தோளைத் தூக்குற ட்ரபீஸியஸ், தலையைத் திருப்புற ஸ்டெர்னோமாஸ்டாய்டு, ரெண்டுக்கும் இந்த ஆக்ஸஸரி நரம்புதான். வைவாவுல மாட்டிவிடுற பாயின்ட்: வலப்பக்கத் தசை தலையை இடப்பக்கம் திருப்பும்.

12. அனுப்பம்பட்டு. நாக்கை வெளியே அனுப்பு! ஹைப்போகிளாஸல். நாக்கை அசைக்கிற நரம்பு. அதோட முடிஞ்சுடலை. இந்த நரம்பு ஒரு பக்கம் அடிபட்டா, நீட்டுற நாக்கு எந்தப் பக்கம் சாயும்? அடிபட்ட பக்கமே சாயும். அதாவது, 'பட்ட' பக்கம் 'அனுப்பு'. ஊர்ப் பேரே விடை! இதுக்கு நேர்மாறு பத்தாம் நம்பர். வேகஸ் அடிபட்டா உள்நாக்கு அடிபட்ட பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் விலகும். நந்தி மிரண்டு ஓடும்னு வெச்சுக்குங்க.

இன்னொரு தலைவலி பாக்கி இருக்கு. எது சென்ஸரி, எது மோட்டார், எது ரெண்டும்? ரயில்லயே பதில் இருக்கு. சேதி உள்ளே வந்தா பயணி ஏறுறார், அது சென்ஸரி. கட்டளை வெளியே போனா பயணி இறங்குறார், அது மோட்டார். ஏற மட்டும் செய்யற ஸ்டேஷன் 1, 2, 8. இறங்க மட்டும் 3, 4, 6, 11, 12. ஏறவும் இறங்கவும் முட்டிமோதுற ஸ்டேஷன் 5, 7, 9, 10.

பொன்னேரியில ஏறி காலேஜுக்கு வர்றவங்களுக்கு ஒரு போனஸ். காலையில 12-ல இருந்து 1 வரைக்கும் தலைகீழா வரும், சாயங்காலம் 1-ல இருந்து 12 வரைக்கும் நேரா வரும். ரெண்டு திசையிலயும் தடங்கல் இல்லாம சொல்ல வந்துட்டா எக்ஸாமினர் நடுவுல எங்கே கை வெச்சாலும் நீங்க விழ மாட்டீங்க.

இடிஞ்ச மண்டபமும் விக்டோரியா ஹாலும்

இந்த டெக்னிக் நம்ம கண்டுபிடிப்பு இல்லை. கி.மு. காலத்து கிரேக்கக் கவிஞர் சைமனிடிஸ் ஒரு விருந்துக்குப் போனார். யாரோ கூப்பிட்டாங்கன்னு வெளியே வந்த நேரத்துல மண்டபம் இடிஞ்சு விழுந்து உள்ளே இருந்த எல்லாரும் காலி. யார் யாருன்னு அடையாளமே தெரியலை. சைமனிடிஸ் கண்ணை மூடி, எந்த இடத்துல யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு நினைச்சுப் பார்த்து ஒவ்வொருத்தர் பேரையும் சொன்னாராம். பேரை மறக்கிற மனசு இடத்தை மறக்காதுங்கிற சூட்சுமம் அங்கே கிடைச்சதா ரோமானிய அறிஞர் சிசரோ எழுதி வெச்சிருக்கார். கதை நிஜமோ இல்லையோ, டெக்னிக் நிஜம். 2017-ல நியூரான் இதழ்ல வந்த ஆய்வுல, சாதாரண ஆட்களுக்கு 6 வாரம், தினம் அரை மணி நேரம் இந்த இடமுறைப் பயிற்சி கொடுத்தாங்க. 72 சொற்கள் கொண்ட பட்டியல்ல முதல்ல முப்பதைக்கூடத் தாண்டாதவங்க, கடைசியில அறுபதைத் தாண்டினாங்க. பிறவி மேதை யாரும் இல்லை. பழக்கம்தான்.

நம்ம ஊர்ல இதுக்கு அவதானம்னும் கவனகம்னும் பேரு. எட்டு விஷயத்தை ஒரே நேரத்துல மனசுல நிறுத்தினா அட்டாவதானி, நூறுன்னா சதாவதானி. நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானம் செஞ்சு காட்டி ஊரையே வாய் பிளக்க வெச்சார். விக்டோரியா ஹால் எங்கே இருக்கு? சென்ட்ரலுக்குப் பக்கத்துல, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல இருந்து நடந்தே போயிடலாம். அனாடமி புத்தகத்தை வெச்சுக்கிட்டு 'எனக்கு ஞாபக சக்தி கம்மி'ன்னு யாராவது புலம்பினா, அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒரு தடவை காட்டிட்டு வாங்க.

அவ்வளவு ஏன், அந்தாதி எதுக்கு? ஒரு பாட்டு முடியற சொல்லுலயே அடுத்த பாட்டு ஆரம்பிச்சா, ஓலை இல்லாமயே நூறு பாட்டை வரிசையாச் சொல்லலாம். ஆத்திசூடி அகர வரிசையில போறதும் நம்ம பாட்டன் காலத்து நெமோனிக்தான். சித்த வைத்தியம் செய்யுள்ல இருக்கிறதுக்கும் இதே காரணம்தான்.

ஸ்டீபன் லதாவைப் பார்த்தான்

நரம்பு முடிஞ்சா எலும்பு. மணிக்கட்டுல எட்டு குட்டி எலும்புகள், ரெண்டு வரிசை. இதுக்குச் சீனியர்கள் சொல்ற இங்கிலீஷ் வாக்கியத்தை இந்தப் பத்திரிகையில அச்சடிக்க முடியாது. நம்ம வாக்கியம் இதோ: 'ஸ்டீபன் லதாவை ட்ரெயினில் பார்த்தான், டிக்கெட்... டிக்கெட்... கேட்டாங்க, ஹையோ!'

கட்டைவிரல் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. முதல் வரிசை ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரல், பிஸிஃபார்ம். ரெண்டாவது வரிசை ட்ரபீஸியம், ட்ரபீஸாய்டு, கேபிடேட், ஹேமேட். அந்த ரெண்டு 'டிக்கெட்'ல எது முதல்லங்கிற குழப்பம் எல்லாருக்கும் வரும். ஒருத்தர் 'சரியா?'ன்னு கேட்டா நாம கட்டைவிரலைத் தூக்கி 'ம்'னு சொல்வோம் இல்லையா? 'ம்'ல முடியற ட்ரபீஸியம்தான் கட்டைவிரலுக்குக் கீழே. முடிஞ்சது.

இன்னும் ஒண்ணு. கையை ஊணிக் கீழே விழுந்தா அதிகமா உடையறது ஸ்கேஃபாய்டு. இடம் பெயர்றது லூனேட். ட்ரெயின்ல இருந்து குதிச்ச ஸ்டீபனுக்கு எலும்பு முறிஞ்சுது, லதா வேற சீட்டுக்கு மாறிட்டா. காதல் தோல்வி. ஆனா ஆர்த்தோ மார்க் உங்களுக்கு!

பிரேக்கியல் பிளெக்ஸஸ்னு ஒரு நரம்பு வலை இருக்கு, கைக்குப் போற மெயின் லைன். அதுக்குப் பாட்டே வேண்டாம். 53635. போன் நம்பர் மாதிரி சொல்லிப் பாருங்க. 5 வேர், 3 தண்டு, 6 பிரிவு, 3 கயிறு, 5 கிளை. ரூட், ட்ரங்க், டிவிஷன், கார்டு, பிராஞ்ச்னு இங்கிலீஷ்ல மிரட்டுறது எல்லாம் தமிழ்ல சொன்னா ஒரு மரத்தோட படம்தான்.

அதனால, நோட்ஸ்ல தமிழ் எழுதினா மட்டம்னு நினைக்காதீங்க. யாழ்ப்பாணம் மானிப்பாய்ல அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன், 19-ம் நூற்றாண்டுலயே மருத்துவத்தைத் தமிழ்ல சொல்லிக் கொடுத்து மாணவர்களை டாக்டர் ஆக்கினார். 1872-ல வந்த 'மனுஷ அங்காதிபாதம்' அனாடமி பாடநூல்தான். தேர்வுத்தாள்ல இங்கிலீஷ்ல எழுதுங்க, அது வேற விஷயம். மார்ஜின்ல உங்க மண்டைக்குப் புரியற மொழியில எழுதிக்க யார்கிட்ட பர்மிஷன் கேட்கணும்?

ஜெராக்ஸ் கடை மாயை

காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகள்ல 'கோல்டு மெடலிஸ்ட் நோட்ஸ்'னு ஸ்பைரல் பைண்டிங் போட்டு விக்கும். மூணு தலைமுறை ஜெராக்ஸ் ஆகி, பாதிப் படம் கறுப்புக் கறையா இருக்கும். வாங்கி அலமாரியில வெச்சதும் பாதி படிச்சு முடிச்ச மாதிரி ஒரு தெம்பு வரும் பாருங்க... அந்தத் தெம்புதான் டேஞ்சர். மெடல் வாங்கினவருக்கு மூளையில ஏறினது அந்த நோட்ஸை எழுதினப்ப. உங்க கைக்கு வந்தது அந்த வேலை முடிஞ்சு மிச்சமான பேப்பர். இப்ப அதே சரக்கு பி.டி.எஃப்.பா வாட்ஸ்அப்ல சுத்துது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹைலைட்டர் கோஷ்டிக்கும் ஒரு கெட்ட செய்தி. 2013-ல ஜான் டன்லாஸ்கி குழு, மாணவர்கள் வழக்கமா படிக்கிற 10 வழிகளை அலசிப் பார்த்தது. மஞ்சள் கோடு போடுறது, திரும்பத் திரும்ப வாசிக்கிறது ரெண்டுமே பாட்டம் கிளாஸ். ரெண்டே ரெண்டு வழிக்குத்தான் முதல் கிளாஸ்: தன்னைத்தானே டெஸ்ட் பண்ணிக்கிறது, இடைவெளி விட்டு விட்டுப் படிக்கிறது. இவ்வளவு நேரம் நான் பில்டப் கொடுத்த நெமோனிக் வகையறாவில் ஒண்ணான, சொல்லுக்குச் சொல் முடிச்சுப் போடுற முறையும் அதுல பாட்டம் கிளாஸ்தான்! மறைச்சுப் பிரயோஜனம் இல்லை. நெமோனிக் ஒரு ஆணி. சட்டையை மாட்ட உதவும். சட்டையை நீங்கதான் தைக்கணும். 12 நரம்பு பேரும் சரளமா வந்து, ஏழாவது நரம்பு செத்தா முகம் எப்படி இருக்கும்னு தெரியலைன்னா என்ன லாபம்?

டெஸ்ட் பண்ணிக்கிறதுல அப்படி என்ன மகிமை? 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரிச்சு ஒரு பாடத்தைக் கொடுத்தாங்க. ஒரு கோஷ்டி நாலு தடவை வாசிச்சுது. இன்னொரு கோஷ்டி ஒரு தடவை மட்டும் வாசிச்சுட்டு, மூணு தடவை பார்க்காம எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா வாசிச்ச கோஷ்டிதான் ஃபர்ஸ்ட். ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா? வாசிச்சவங்களுக்கு 40 சதவீதம் ஞாபகம், எழுதிப் பார்த்தவங்களுக்கு 61 சதவீதம். முதல் நாள் ராத்திரி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்து, ஹால்ல பேய் முழி முழிக்கிறதோட ரகசியம் இதுதான்.

ஆக, நோட்ஸ் எடுக்கிறதை இப்படி மாத்திப் பாருங்க. பாடத்தைப் படிங்க. புத்தகத்தை மூடுங்க. வெள்ளைத்தாள்ல ஞாபகம் இருக்கிறதை எல்லாம் கொட்டுங்க. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதை மட்டும் சிவப்புப் பேனாவுல எழுதுங்க. அடுத்த தடவை அந்தச் சிவப்பை மட்டும் பாருங்க. பிளெக்ஸஸ், ரத்தக்குழாய் எல்லாம் படமாத்தான் போடணும், அழகா இருக்கணும்னு அவசியம் இல்லை. கோணல் மாணலா இருந்தாலும் உங்க கை போட்டிருக்கணும். முதல் பத்து தடவை கண்றாவியா வரும். பரவாயில்லை.

படிப்புக்கும் ஒரு 'பாடு'

இடைவெளி விட்டுப் படிக்கிறதுன்னா எப்படி? இதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகலாம், பழவேற்காடு வரைக்கும் போனாலே போதும்.

பழவேற்காடு ஏரி மீனவர்கள்கிட்ட 'பாடு'ன்னு ஒரு ஏற்பாடு தலைமுறை தலைமுறையா உண்டு. ஏரியில எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. முகத்துவாரம் பக்கம் இறால் அள்ளும், வேற இடத்துல வலை சும்மா வரும். நல்ல இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்கிட்டா மத்தவங்க கதி? அதனால சீட்டுப் போட்டு, முறை வெச்சு, யாருக்கு எந்த இடம்னு சுழற்சியில விடுவாங்க. எல்லாருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும்.

நம்ம படிப்புல என்ன நடக்குது? பிடிச்ச சேப்டரை மட்டும் பத்து தடவை படிப்போம். பிடிக்காத எம்ப்ரியாலஜி மூலையில கிடக்கும். அதுக்கும் ஒரு பாடு போடுங்க. 1972-ல ஜெர்மன் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறையும் கிட்டத்தட்ட இதே சுழற்சிதான். வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை குவிஞ்சு கிடக்கும். அட்டையை நாலா வெட்டுங்க. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். அஞ்சு டப்பா வையுங்க. எல்லா அட்டையும் முதல் டப்பாவுல ஆரம்பிக்கும். சரியாச் சொன்னா அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பாச் சொன்னா எங்கே இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பி வரும். முதல் டப்பாவைத் தினமும், ரெண்டாவதை ரெண்டு நாளைக்கு ஒருமுறை, மூணாவதை நாலு நாளைக்கு ஒருமுறைன்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போங்க. தெரிஞ்சது தானா ஒதுங்கும், தெரியாதது தினமும் வந்து மூஞ்சியில நிக்கும்.

இதையே கம்ப்யூட்டர்ல செய்ய 2006-ல வந்ததுதான் ஆன்கி சாஃப்ட்வேர். உலகம் முழுக்க மெடிக்கல் பசங்க இன்னிக்கும் அதை வெச்சுக் கும்பிடுறாங்க. ஆனா யாரோ போட்ட பல்லாயிரம் கார்டை டவுன்லோடு பண்ணி வெச்சுட்டு மலைச்சு உட்காராதீங்க. அது டிஜிட்டல் ஜெராக்ஸ் கடை. நீங்களே போட்ட இருபது கார்டு அதைவிட மேல்.

மறதி ஏன் வருதுன்னு கேட்கிறவங்களுக்கு: 1885-லயே எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, தானே மறந்து, தானே கணக்கு எழுதினார். படிச்ச முதல் சில மணி நேரத்துலயே பெரும் பகுதி ஓடிப்போயிடும், அப்புறம் ஓட்டம் குறையும்னு கண்டுபிடிச்சார். அவருக்கே அந்தக் கதின்னா நமக்கு என்ன!

எதை மனப்பாடம் பண்ணக் கூடாது?

மருந்தோட டோஸை நெமோனிக்ல நம்பாதீங்க. பரீட்சையில தப்பானா அரை மார்க். வார்டுல தப்பானா? குழந்தைக்கு எடைக்கு இத்தனை மில்லிகிராம்ங்கிறதை, எத்தனை வருஷம் சர்வீஸ் ஆனாலும், பார்த்து எழுதுறதுல கேவலம் ஒண்ணும் இல்லை. பெரிய சர்ஜன்களே இப்ப லிஸ்ட் வெச்சுப் படிக்கிறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட 8 ஊர் ஆஸ்பத்திரிகள்ல பயன்படுத்திப் பார்த்தாங்க. 2009-ல முடிவு வந்தது. இறப்பு விகிதம் 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆக் குறைஞ்சிருந்தது. ஒரு தாள், அதுல சில கேள்விகள், சத்தமா ஒருத்தர் படிக்கணும். அவ்வளவுதான்.

ஆனா சிலது புத்தகத்தைப் புரட்ட நேரம் தராது. கடலோரக் குப்பத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ராத்திரி ட்யூட்டி, வலை இழுத்துட்டு வந்தவரைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வர்றாங்க. 'வாய் கோணிடுச்சு டாக்டர்.' எண்ணூர் ஞாபகம் வரணும். 'அண்ணா, புருவத்தைத் தூக்குங்க'ன்னு சொல்லுங்க. நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்குது, வாய் மட்டும் கோணல்னா மூளையில பிரச்னை, பக்கவாதமா இருக்கலாம். கட்டி கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அது ஆரம்பிச்ச நிமிஷத்துல இருந்து ஓடுது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஒரு பக்க நெத்தியும் சேர்ந்து அசையலைன்னா, அந்தப் பக்க ஃபேஷியல் நரம்புலயே கோளாறு. பெல்ஸ் பால்ஸியா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. நெத்தியில ஒரு சுருக்கம் இருக்கா இல்லையாங்கிறதுல, அந்த அண்ணன் மறுபடி படகு ஏறுவாரா இல்லையாங்கிறது இருக்கு.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். அனுப்பம்பட்டைத் தாண்டி இன்னும் மூணு ஸ்டேஷன் மிச்சம் இருக்கு: பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. பிரேக்கியல் பிளெக்ஸஸ்லயும் மூணு தண்டுதான்: அப்பர், மிடில், லோயர். அப்பர் அடிபட்டா எர்ப்ஸ் பால்ஸி, லோயர் அடிபட்டா க்ளம்ப்கி பால்ஸி. எந்த ஸ்டேஷன்ல யாரை இறக்கிவிடுறதுன்னு நீங்களே யோசிச்சு வையுங்க. வண்டி கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்றதுக்குள்ள!